மூன்று பேருக்குச் சைக்கிள் பயணத்தில் சமைக்கச் சின்ன விறகடுப்பு: எதை வாங்கலாம்?

கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று பேர் கல்லடியில் இருந்து கரையோர வீதியால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று ஒக்கந்தை வரைக்கும் சைக்கிளில் போகிறோம். இரவில் கடற்கரையிலோ தெரிந்தவர்களின் வளவிலோ கூடாரம் அடிப்போம். சிறிய காஸ் ரின்னை நம்பிப் போக மனமில்லை. இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்காது, வெறும் ரின் குப்பையாகவும் மிஞ்சும். அதனால் சுள்ளியில் எரியும் சின்ன அடுப்பு ஒன்று வாங்க யோசிக்கிறோம்.

இணையத்தில் பார்த்ததில் மூன்று வகை கண்ணில் பட்டது:

1. ஐந்து தகடுகளைப் பொருத்திப் பெட்டியாக்கும் மடிப்பு அடுப்பு, பக்கத்தில் விறகு வாய். 400 கிராம் அளவில்.
2. வட்டமான இரட்டைச் சுவர் அடுப்பு. சோலோ ஸ்டோவ் லைட் போன்றது, அதன் சாயலில் மலிவானவையும் இருக்கின்றன.
3. விசிறி பூட்டிய, போனும் சார்ஜ் ஆகும் அடுப்பு. பயோலைட் வகை.

ஒரு நாளைக்கு ஒரு தரம் சோறும் பருப்பும், இரண்டு தரம் தேத்தண்ணி. எங்களிடம் இருப்பது 2 லீற்றர் அலுமினியச் சட்டி. எது பொருத்தம்? சிரட்டை எரிக்கலாமா? உப்புக்காற்றுக்கு எத்தனை காலம் தாங்கும்? வழியில் விறகு பொறுக்குவதில் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


தணல்:

தம்பி, அடுப்பைப் பார்க்க முதல் சட்டியைப் பாருங்க. மூன்று பேருக்கு ஒரு நேரச் சோறு எண்டால் 400 கிராம் அரிசி, ஒரு லீற்றருக்குக் கிட்டத் தண்ணி. 2 லீற்றர் சட்டி மட்டுமட்டாகப் போதும், ஆனால் நிறைந்த சட்டி இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். அடி 18 செ.மீ. அகலம் இருக்கும். அதைத் தாங்கும் அடுப்பு எது, அரை மணித்தியாலம் நிறுத்தாமல் எரியும் அடுப்பு எது எண்டு கேட்டால் பாதி விடை வந்திடும்.

சோலோ ஸ்டோவ் லைட் 255 கிராம், குறுக்களவு 10.8 செ.மீ. நல்ல அடுப்புத்தான். ஒரு லீற்றர் தண்ணி 8 தொடக்கம் 10 நிமிடத்தில் கொதிக்கும் எண்டு செய்தவர்கள் சொல்றாங்க. காய்ந்த விறகு, காற்றில்லாத இடம் எண்டால் அது நடக்கும். ஆனால் அது ஒருவருக்கோ இருவருக்கோ தேத்தண்ணி போடுற அளவு. 18 செ.மீ. சட்டி வைத்தால் மேலே கனத்து, மணலில் ஒரு பக்கம் சரியும். விறகையும் விரல் நீளத்துக்கு முறித்து முறித்துப் போட வேணும். சோறு வேகிற நேரம் முழுக்க ஒருவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தி இருக்க வேண்டி வரும்.

பக்கவாய்ப் பெட்டி அடுப்பில் அந்த வேலை இல்லை. பெருவிரல் தடிப்பில் ஒரு முழக் கம்பு நாலைந்தை வாயால் நுழைத்து விட்டு, எரிய எரிய உள்ளே தள்ளினால் சரி. நெருப்பைக் கூட்டக் கம்பைத் தள்ளு, குறைக்க வெளியே இழு. பருப்புக்கு அது முக்கியம். உங்கட பயணத்துக்கு முதலாவது வகைதான் எண்டது என்ட முடிவு. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

அடி 12 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. உயரம் 15 தொடக்கம் 18. விறகு வாய் 6 செ.மீ.க்குக் குறைந்தால் கம்பு நிறைந்து காற்று அடைபடும், புகை முன்னால் கண்ணுக்கு வரும். தணல் தட்டு அடித் தகட்டில் இருந்து 2 தொடக்கம் 3 செ.மீ. மேலே நிற்க வேணும். பல மலிவு அடுப்புகளில் ஓட்டை போட்ட தட்டு நிலத்தோடயே படும், ஐந்து நிமிடத்தில் சாம்பல் ஓட்டையை மூடிக் கீழ்க்காற்று நின்று விடும். பிறகு ஊதி ஊதித்தான் எரிக்க வேணும். சட்டி இருக்கும் இடத்துக்கும் விளிம்புக்கும் இடையில் 2 தொடக்கம் 3 செ.மீ. இடைவெளி. அதிலும் குறைந்தால் சுவாலை குளிர்ந்த சட்டியில் முட்டி அரைகுறையாக அணையும். சட்டி அடியில் கரி அப்புவது அதனாலதான்.

விசிறி அடுப்பு பற்றி: பயோலைட் காம்ப்ஸ்டோவ் 2 எண்டது 935 கிராம், மின் 3 வாட். ஒரு 5000 மில்லி அம்பியர் மணி போனில் ஏறத்தாழ 19 வாட் மணி சக்தி கொள்ளும். அதை 3 வாட்டால் நிரப்ப ஆறு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நெருப்பு எரிக்க வேணும். சார்ஜுக்காக விறகு எரிப்பது சூழலுக்கு நல்லது எண்டு யாரும் சொல்லக் கூடாது. பவர் பாங்க் ஒண்டு கொண்டு போங்க, பாரமும் குறைவு. விசிறியின் உண்மையான நன்மை புகை குறைவதும் ஈர விறகை ஓரளவு சமாளிப்பதும். மாரியில் போறவங்களுக்கு அது பெறுமதி. ஆகஸ்டில் கிழக்குக் கரையில் விறகு முறிக்கும்போதே சடக்கெண்டு சத்தம் போடும், விசிறி தேவைப்படாது.

சிலர் அனகி அடுப்பையும் சொல்லக் கூடும். இரண்டு சட்டி வைக்கிற அந்த மண்ணடுப்பு வீட்டுக் குசினிக்கு அருமையானது, விறகைக் கண்கூடாக மிச்சப்படுத்தும். சைக்கிள் கரியரில் கட்டினால் கல்முனைக்கு முதலே வெடிக்கும்.


பட்டறை_அக்கரைப்பற்று:

தம்பிமார், தகடு பத்திச் சொல்றன். இதுலதான் ஆக்கள் கூட ஏமார்றது.

"ஸ்டெயின்லெஸ்" எண்டு எழுதி இருந்தா எல்லாம் ஒண்டில்லை. 304 எண்ட வகை எண்டா குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம். 430ல நிக்கல் இல்லை. 201ல நிக்கலைக் குறைச்சு மங்கனீசு சேர்த்திருப்பாங்க. காந்தம் வச்சுப் பார்க்கச் சொல்லுவாங்க: காந்தம் இறுக்கி ஒட்டினா 430, அது சரி. ஆனா ஒட்டாட்டி உடனே 304 எண்டு நம்பக் கூடாது, 201லயும் ஒட்டாது. பழைய இரும்பு வாங்குற பெரிய கடைகள்ல மங்கனீசு பார்க்கிற சின்னத் திரவப் போத்தல் ஒண்டு வச்சிருப்பாங்க. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடுத்தா, சிவந்தா 200 வகை. கேட்டா பார்த்துத் தருவாங்க.

கடற்கரையில ஏன் இது முக்கியம்? ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பாத்துறது மேல உள்ள மெல்லிய குரோமியப் படலம். அடுப்பு சிவக்கச் சூடாகும்போது அந்தப் படலத்துக்குக் கீழ குரோமியம் குறைஞ்சு போகும். நீலமும் பழுப்புமா நிறம் ஏறுறது அதுக்கு அடையாளம். அந்த இடத்துல உப்பும் ஈரமும் சேர்ந்தா ஊசி குத்தினாப்போல துரு விழும். 304 காற்றுல விட்டு விட்டு 870 பாகை செல்சியஸ் வரைக்கும் தாக்குப் பிடிக்கும், சுள்ளி நெருப்புக்கு அது தாராளம். ஆக, அழிக்கிறது நெருப்பு இல்லை, நெருப்புக்குப் பிறகு நாம செய்யாம விடுற வேலை. சாம்பலோட மடிச்சு உறையில போட்டா சாம்பல் ஈரத்தை இழுத்துக் காரமாகும். அதுவும் சிரட்டை, பாளை எரிச்ச சாம்பல்ல குளோரைட் உப்புக் கூட. ஆறினதும் சாம்பலைத் தட்டி, நல்ல தண்ணியால அலசி, துடைச்சு, வெயில்ல பிடிச்சுத்தான் மடிக்கணும். ரெண்டு நிமிச வேலை. கடல் தண்ணியில அலசவே கூடாது.

தடிப்பு: 12 செ.மீ. அடி, 16 உயரம் வச்சு 0.6 மி.மீ. தகட்டுல செய்தா, ஓட்டைகள் கழிய 400 கிராமுக்குள்ள வரும். 1 மி.மீ. எண்டா 700க்குக் கிட்ட. 0.5க்குக் கீழ போனா சூட்டுல தகடு முறுக்கும், பிறகு பொருத்துற வெட்டுக்குள்ள நுழையாது. அதுக்காகவே வெட்டு, தகட்டுத் தடிப்பை விட 0.3 தொடக்கம் 0.5 மி.மீ. அகலமா இருக்கணும். கடையில எடுக்கிற நேரம் நல்லா இறுக்கமாப் பொருந்துறதைப் பார்த்துச் சந்தோசப்படாதீங்க, லேசா ஆடுறதுதான் நெருப்புக்குப் பிறகும் கழரும்.

டைட்டானியம் உப்புக்கு அசையாது, பாரம் பாதிதான். ஆனா மெல்லிசாச் செய்வாங்க, பெரிய சட்டிக்கு நெளியும். காசுக்குப் பெறுமதி இல்லை எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு, இதை யாரும் விளையாட்டா எடுக்க வேணாம். நாகம் (சிங்க்) பூசின தகரத்துல, அதான் வாளி செய்ற தகரம், கூரைத் தகரம், அடுப்புச் செய்யக் கூடாது. நாகம் 419 பாகையில உருகும், 907ல கொதிக்கும். தணல் படுற இடத்துல வெள்ளைப் புகையா எழும்பும், அதைச் சுவாசிச்சா சில மணித்தியாலத்துல குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். நாகம் பூசின ஸ்குரூ, கம்பி வலையும் அப்படித்தான். அலுமினியத் தட்டைத் தணல் தட்டாப் போடுறவங்களும் இருக்காங்க. அது 660 பாகையில உருகும், தணலுக்கு நடுவுல அந்தச் சூடு வந்திடும். பெயின்ட் பேணியும் வேணாம், உள்பூச்சு எரிஞ்சு நாறும்.


காட்டுவழி:

விறகைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். மேலே இரண்டு பேரும் அடுப்பைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் நல்ல அடுப்பில் கெட்ட விறகு போட்டால் எல்லாம் ஒன்றுதான்.

முதலில் எங்கே பொறுக்கக் கூடாது என்பது. ஒக்கந்தைதான் குமண தேசிய பூங்காவின் வாசல். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய பூங்காவுக்குள் மரம் வெட்டுவதற்கும் விறகு எடுப்பதற்கும் தடை. பொத்துவிலுக்கு மேற்கே லாகுகல பூங்காவும் அப்படியே. விழுந்து கிடக்கும் கம்புதானே என்று நினைக்க வேண்டாம். பாணமை தாண்ட முதலே உங்களுக்குத் தேவையானதைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். லாகுகலப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள வழி. அங்கே சமைப்பதோ தங்குவதோ வேண்டாம். சமையலைப் பொழுது சாய முதல் முடித்து, அரிசி, உப்பு, பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

எவ்வளவு தேவை? கணக்காகவே பார்க்கலாம். 30 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 290 கிலோ ஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகா ஜூல் அளவில் தரும். சின்ன அடுப்பில் அதில் ஏழில் ஒரு பங்குதான் சட்டிக்குப் போய்ச் சேரும், மிச்சம் காற்றோடு போகும். அப்படிப் பார்த்தால் ஒரு லீற்றருக்கு 135 கிராம் விறகு, கைக்காவலாக 150. சோற்றுக்கு 300, பருப்புக்கு 200, இரண்டு தேத்தண்ணிக்கு 300. ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கும். மூன்று கல்லுக்கு நடுவில் எரித்தால் இதே சமையலுக்கு இதைவிட இரண்டு மூன்று மடங்கு போகும்.

ஈரம்தான் எல்லாவற்றையும் கெடுப்பது. விறகில் உள்ள 100 கிராம் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக விரட்ட 260 கிலோ ஜூல் அளவில் செலவாகும். அதாவது ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு புகையாகப் போய்விடுகிறது. கம்பை முறித்தால் வளையாமல் சடக்கென்று உடைய வேண்டும், முறிந்த இடத்தைக் கன்னத்தில் வைத்தால் குளிரக் கூடாது. நிலத்தில் படுத்துக் கிடக்கும் கம்பை விட, மரத்திலேயே காய்ந்து தொங்கும் கிளையும் வேலியில் வெட்டிச் சாய்த்து வைத்ததும் நல்லது. அடியில் பனி ஏறாது.

இந்தக் கரையில் கிடைப்பவற்றில் வேலியோரக் கிளிரிசீடியா முதலிடம். வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், கம்பு நேராக வரும், காய்ந்தால் சீராக எரியும். வீட்டுக்காரரிடம் கேட்டால் கவ்வாத்துப் பண்ணிக் காய்ந்ததைச் சும்மாவே தருவார்கள். வேம்பு, நாவல், இலந்தைச் சுள்ளியும் நல்லவை. சவுக்குச் சுள்ளி கடுமையாக எரியும், தணலும் நிற்கும். ஆனால் சுனாமிக்குப் பிறகு கரையோரக் காப்புக்காக நட்ட சவுக்கில் கை வைக்காமல், கீழே உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். தென்னம்பாளையும் பன்னாடையும் பற்ற வைக்கத்தான், சமைக்கப் போதாது. தேங்காய்ப் பொச்சுமட்டை வேண்டவே வேண்டாம். சுவாலை இல்லாமல் கனன்று புகைந்து, சின்ன அடுப்பின் காற்றுவழியை அடைத்துவிடும்.

சிரட்டை எரிக்கலாம், நல்ல சூடு. ஒரு தேங்காயின் சிரட்டை 100 தொடக்கம் 150 கிராம் வரும், நெருப்புப்பெட்டி அளவில் உடைத்துப் போட வேண்டும். பாதிச் சிரட்டையை அப்படியே கவிழ்த்தால் காற்றை மூடிக் கரும்புகை எழும்பும். தும்பைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

இனி, கட்டாயம் தவிர்க்க வேண்டியவை. வாவிக்கரையிலும் களப்பு ஓரத்திலும் நிற்கும் தில்லை மரம்: கிளை ஒடித்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காய்ந்த தில்லையை எரித்தாலும் புகை கண்ணை எரிக்கும். அடையாளம் தெரியாவிட்டால் களப்பு ஓரத்தில் விறகே பொறுக்காதீர்கள். கண்டல் வெட்டுவதும் அப்படியே, அது மீன் குஞ்சு வளரும் இடம், சட்டமும் விடாது. இரண்டாவது அலரி, சிவப்பு, மஞ்சள் இரண்டுமே. கோவில் வளவுகளில் காய்ந்த கிளை கிடக்கும். அதை எரிக்கவும் கூடாது, அதன் குச்சியால் சோறு கிளறவும் கூடாது. மூன்றாவது கடல் ஒதுக்கிய கட்டை. பார்க்க வெள்ளையாக, காய்ந்து அழகாக இருக்கும். உள்ளே உப்பு ஊறி இருப்பதால் எரியும்போது நச்சுப் பொருட்கள் உண்டாகும், அடுப்புத் தகட்டையும் அரிக்கும். அதோடு பெயின்ட் அடித்த வள்ளப் பலகை, மருந்தடித்த பலகை, ஒட்டுப்பலகை எதுவும் வேண்டாம்.


வாகரை_வெளிச்சவீடு:

தணல் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரட்டைச் சுவர் அடுப்பைத் தேத்தண்ணிக்கு மட்டும் என்று ஒதுக்கியது சரியில்லை. 13 செ.மீ. குறுக்களவில் அதன் பெரிய அண்ணன்மார் இருக்கிறார்கள், 2 லீற்றர் சட்டியைத் தாங்கும். சூழலுக்கு நல்லது எது என்பதுதான் கேள்வி என்றால், புகை ஆகக் குறைந்தது இதுதான்.

அது வேலை செய்யும் முறை தெரியாமல், சாதாரண அடுப்பு மாதிரி எரிக்கிறார்கள், பிறகு புகைக்கிறது என்கிறார்கள். இதில் விறகு நேரடியாக எரிவதில்லை. மேலே பற்றிய நெருப்பின் சூட்டில் கீழுள்ள விறகு வெந்து வாயுவை விடும். இரண்டு சுவருக்கும் நடுவால் ஏறிச் சூடான காற்று, விளிம்புக்குக் கீழே உள்ள துளைகளால் பாய்ந்து அந்த வாயுவை எரிக்கும். 1985ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோமஸ் ரீட் என்பவர் இந்த வழியில் ஆராயத் தொடங்கினார். மேலே பற்ற வைத்து, காற்று கீழிருந்து மேலே போகும் அடுப்பு என்பதுதான் அதன் சாரம்.

எரிக்கும் வழி இது. பெருவிரலை விட மெல்லிய கம்பை 4 தொடக்கம் 5 செ.மீ. துண்டுகளாக முறியுங்கள். தடித்ததை அடியிலும் மெல்லியதை மேலேயும் நெருக்கமாக அடுக்குங்கள், ஆனால் திணிக்காதீர்கள். உயரம் மேல் துளைகளுக்கு 1 தொடக்கம் 2 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். இந்த ஒரு கோட்டைத் தாண்டினால்தான் புகை. அதன் மேல் பன்னாடை, காய்ந்த சுள்ளி வைத்துப் பற்ற வையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் மேல் துளைகளில் இருந்து சுவாலை உள்நோக்கிக் கிளம்புவது தெரியும், அப்போதுதான் சட்டியை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு முதலே ஏற்றினால் குளிர்ந்த சட்டி அடி அதை அணைத்துவிடும். ஒரு நிரப்பு 12 தொடக்கம் 15 நிமிடம் எரியும். பிறகு சுவாலை நின்று தணல் மட்டும் மிஞ்சும், அது இன்னும் பத்து நிமிடம் மெல்லிய சூடு தரும். சோறு தம்மில் இருக்க அது போதும். நடுவில் விறகு போட வேண்டி வந்தால் ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம்.

உடைத்த சிரட்டைக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு இல்லை. துண்டு துண்டாக நிற்பதால் நடுவே காற்று போகும். இடைக்கிடை பெருவிரல் கம்பும் கலந்து போடுங்கள்.

தணல் நிலையில் கார்பன் மொனொக்சைட் கூடுதலாக வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை பெய்தாலும் எந்த விறகடுப்பையும் கூடாரத்துக்குள்ளோ அதன் முன்வாசல் மூடிக்குள்ளோ கொண்டுபோக வேண்டாம். "எரிஞ்சு முடிஞ்சது, தணல்தானே" என்று உள்ளே வைப்பதுதான் ஆள் சாகிற இடம்.


தணல்:

வாகரைத் தம்பி சொன்ன எரிக்கும் முறை முழுக்கச் சரி. 13 செ.மீ. அளவு எண்டால் நானும் மறுக்க மாட்டேன், பாரம் மட்டும் கூடும், மடிக்கவும் ஏலாது. மூன்று பேர் சாமானைப் பிரித்துக் கட்டுவதெண்டால் அதற்குச் சட்டிக்குள்ளேயே இடம் இருக்கா எண்டு அளந்து பாருங்க. விறகை எல்லாம் ஐந்து செ.மீ.க்கு முறிக்கும் வேலையை யார் செய்றது எண்டதும் முதலே பேசி வைக்க வேணும்.


கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி அண்ணன்மார். பக்கவாய்ப் பெட்டி, 304, அடி 12 செ.மீ. என்று முடிவெடுத்துவிட்டோம். வாங்க முதல் இரட்டைச் சுவரையும் ஒரு தரம் ரின்னில் செய்து பழகிப் பார்க்க ஆசை. பால்மா ரின்னில் செய்யலாமா, துளை எத்தனை? கடற்கரைக் காற்றுக்கு என்ன செய்வது? அலுமினியச் சட்டி கரி பிடிக்காமல் இருக்க வழி உண்டா?


பட்டறை_அக்கரைப்பற்று:

பழகுறதுக்குப் பால்மா ரின் பரவாயில்லை. அது இரும்புத் தகட்டுல வெள்ளீயம் பூசினது, நாகம் இல்லை. வெள்ளீயம் 232 பாகையில உருகி ஓடிரும், பிறகு மெல்லிய தகடு சில நெருப்புலயே உதிரும். நெடுக வச்சுப் பாவிக்க இல்லை. முதல் நெருப்பைச் சட்டி வைக்காம வெளியில எரிச்சு விட்டுட்டுத்தான் சமைக்கணும்.

உள் ரின் 10 செ.மீ. குறுக்களவு, வெளி ரின் 12.5 தொடக்கம் 13. சுவருக்கு நடுவுல ஒரு செ.மீ.க்கு மேல வெளி வரும், அது காணும். உள் ரின்னோட அடியில 4 மி.மீ. துளை 24. மேல் விளிம்புக்கு 2 செ.மீ. கீழ சுத்திவர 6 மி.மீ. துளை 24. வெளி ரின்னோட அடிப்பக்கச் சுவர்ல 12 மி.மீ. துளை 12.

எண்ணிக்கை ஏன் இப்படி எண்டா பரப்பைப் பாருங்க. அடித்துளை எல்லாம் சேர்த்து 300 சதுர மி.மீ., மேல்துளை 680. ரெண்டையும் கூட்டினா 980. வெளித்துளை 1350, எப்பவும் அந்தக் கூட்டுத்தொகையை விடக் கூடவே இருக்கணும், இல்லாட்டி அடுப்பு மூச்சு முட்டும். மேல்துளைப் பரப்பு அடித்துளையைப் போல ரெண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. அடியில கூட ஓட்டை போட்டா நல்லா எரியும் எண்டு நினைச்சு ஆக்கள் பெருசாத் துளைப்பாங்க. அப்ப வாயு வேகமா வந்து மேல்காற்றுக்கு எரிச்சு முடிக்க ஏலாது, புகைதான் வரும்.

வெளி ரின்னோட மூடியில உள் ரின் இறுகி நுழையிற அளவுக்கு வட்டம் கீறி, அதை விட 3 மி.மீ. உள்ளால வெட்டி, ஓரத்தை மடிச்சு இறக்குங்க. மேல இடைவெளி இருந்தா சூடான காற்று அதுக்குள்ளால தப்பிப் போகும், மேல்துளைக்கு வராது. செய்ற ஆக்கள் எல்லாரும் பிழைக்கிற இடம் இதுதான். உள் ரின் அடியும் வெளி ரின் அடியும் தொடக் கூடாது, 2 செ.மீ. வெளி வேணும். துளைக்கும்போது ரின்னுக்குள்ள ஈர மணலை இறுக்கி நிரப்புங்க, இல்லாட்டித் தகடு அமுங்கிரும். விளிம்பை அரத்தால தட்டி எடுக்காம கையை உள்ள விட வேணாம்.

அப்படியே ஒரு பக்கவாய் அடுப்பும் வேணும் எண்டா, கரண்டி போட்டு வைக்கிற ஓட்டை போட்ட எவர்சில்வர் டப்பா, 12க்கு 14 செ.மீ. அளவுல பாத்திரக் கடையில இருக்கும். விளிம்புக்கு 3 செ.மீ. கீழ, 7 செ.மீ. அகலம் 5 உயரத்துல வாய் வெட்டுங்க. மேல 6 மி.மீ. எவர்சில்வர் போல்ட் மூண்டு, சம தூரத்துல, விளிம்புக்கு மேல இரண்டரை செ.மீ. நிக்கிற மாதிரி எல் வடிவத் தகட்டோட பூட்டினா சட்டித் தாங்கி. மூண்டு எண்டா மணல்லயும் ஆடாது. நாலு போட்டா ஒண்டு எப்பவும் தூக்கி நிக்கும்.


தணல்:

காற்றைப் பற்றிக் கேட்டீங்க. ஆகஸ்டில் கச்சான் பலமாக வீசும், பின்னேரம் கடற்கரையில் கடற்காற்றும் சேரும். ஏழில் ஒரு பங்கு எண்டு மேலே சொன்ன அந்தச் சூடு, திறந்த காற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழும், விறகு ஒன்றரை மடங்குக்குக் கிட்டவோ கூடவோ போகும். வெள்ளனக் காற்று தணிஞ்சு இருக்கும், பெரிய சமையலைக் காலையில் வைப்பது நல்லம். மறைப்பாக அலுமினியத் தகடு 60க்கு 20 செ.மீ. ஒண்டைச் சுருட்டிக் கொண்டு போங்க. அடுப்பை முழுக்கச் சுற்றாமல், காற்று வாற பக்கம் அரை வட்டமாக, அடுப்பில் இருந்து 3 தொடக்கம் 4 செ.மீ. தள்ளி நிறுத்த வேணும். விறகு வாய் காற்றுக்குக் குறுக்காக இருக்கட்டும். நேராகக் காற்றைப் பார்த்து வைத்தால் சுவாலை பின்பக்கத்தால் வெளியே போகும், முதுகைக் காட்டி வைத்தால் புகை வாயால் வரும்.

காய்ந்த புல்லிலோ சருகிலோ அடுப்பை நேரே வைக்காதீங்க. பெட்டியின் அடித் தகட்டுக்குக் கீழே இரண்டு தட்டைக் கல், இல்லாட்டி ஒரு கைப்பிடி உயரத்துக்கு ஈர மணல். முடிஞ்ச பிறகு தணலை மணலில் புதைக்கிறது கூடாது. மணலுக்குள் தணல் மணித்தியாலக் கணக்கில் சூடு ஆறாமல் இருக்கும், பிறகு வெறுங்காலோடு வாற பிள்ளைகள் மிதிப்பாங்க. தண்ணி ஊற்றிக் கிளறி, திரும்ப ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து ஆறின பிறகுதான் போக வேணும்.

சட்டிக்கு: அடுப்பில் ஏற்ற முதல் வெளிப்பக்கம் சவர்க்காரத்தைக் குழைத்து மெல்லிசாகப் பூசுங்க. எங்கட குசினிகளில் சாம்பலும் களிமண்ணும் கரைத்துப் பூசுவதும் இதற்குத்தான். கரி அதன் மேல் பிடிக்கும், கழுவும்போது பூச்சோடு வந்திடும். அலுமினியச் சட்டியை ஈரச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஊற விடாதீங்க, சாம்பலின் காரம் அலுமினியத்தைத் தின்னும். தேய்த்தவுடன் கழுவி விட வேணும். சட்டிக்கு எண்டு ஒரு துணிப்பை தைத்துக் கொண்டு போனால் மற்றச் சாமான் கறுக்காது.

சோற்றில் விறகு மிச்சம் பிடிக்கிற வழியையும் சொல்லிவிடுறன். நாட்டரிசியைக் கழுவி அரை மணித்தியாலம் ஊற விடுங்க. ஊறின தண்ணியோடயே, மூடி போட்டு, நல்ல சுவாலையில் கொதிக்க வையுங்க. கொதி வந்த பிறகு கம்பில் பாதியை வெளியே இழுத்து, 10 தொடக்கம் 12 நிமிடம். அரிசியை நசுக்கினால் நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை தெரியும்போது இறக்கி, மூடியைத் திறக்காமல் துவாய் ஒண்டால் சுற்றி, உரப்பைக்குள் உடுப்புக்கு நடுவில் வையுங்க. 25 நிமிடத்தில் தானே வெந்து முடியும். அந்த நேரத்தில் அடுப்பு சும்மா இருக்காது, மிஞ்சின தணலுக்கு மேல் நாலு கம்பு வைத்துப் பருப்பை ஏற்றலாம். மைசூர்ப் பருப்பு 15 நிமிடத்தில் வேகும். கடலை, பயறு எண்டால் முதல் நாள் இரவே ஊற வைக்காமல் இந்த அடுப்பில் தொடாதீங்க, விறகு கட்டுப்படியாகாது.

பயணத்துக்கு ஒரு வாரம் முதல் வீட்டு முற்றத்தில் முழுச் சமையலையும் ஒருக்கா செய்து, விறகைத் தராசில் நிறுத்துப் பாருங்க. ஒரு கிலோவுக்கு மேலே போனால் தணல் தட்டையும் சட்டி இடைவெளியையும் முதலில் சரிபாருங்க. பாணமையில் எத்தனை கட்டு விறகு கட்ட வேணும் எண்டதும் அந்த நிறையில் இருந்தே தெரியும்.